டிகிரி இல்லாத சலீம் அலியும் கோடியக்கரையின் கரண்டிமூக்கும்

டிசம்பர் லீவுல வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் போயிட்டு வந்தவங்க உங்க கிளாஸ்ல யாராவது இருந்தா, அவங்க போனை வாங்கிப் பாருங்க. தூரத்துல ரோஸ் கலர்ல கோடு இழுத்த மாதிரி பூநாரைக் கூட்டம் இருக்கும். அடுத்த போட்டோவுல சேத்துல ஓடுற ஒரு சின்னப் பறவை, பாதி மங்கலா, பாதி ஃப்ரேமுக்கு வெளியே நிக்கும். இது என்ன பறவைன்னு கேளுங்க. தெரியாது, ஏதோ குருவி, அவ்ளோதான்.

அந்த ஏதோ குருவி பெரும்பாலும் கொசு உள்ளானாக இருக்கும். ஆயிரக்கணக்கில் வரும் சாதாரணப் பறவை. ஆனால் 1980-களில் இதே வேதாரண்யம் சதுப்பில், இப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்குள்ளேதான் கரண்டிமூக்கு உள்ளான் இருப்பதை பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் கண்டு பதிவு செய்தார்கள். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் சுக்கோட்கா கரையோரம் முட்டையிடும் பறவை அது. உருவம் உள்ளங்கைக்குள் அடங்கும். அலகின் நுனி மட்டும் சின்னக் கரண்டி மாதிரி தட்டையா இருக்கும். பக்கவாட்டில் பார்த்தா அந்தக் கரண்டி சரியாத் தெரியாது, முகத்துக்கு நேரா பார்க்கணும். இன்றைக்கு உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சில நூறுதான் மிச்சம். குளிர்காலத்தில் மியான்மர் பக்கம் வலையில் மாட்டியதும், வலசை போகும் வழியில் மஞ்சள் கடலோரச் சேற்று நிலங்களை மூடிக் கட்டடம் கட்டியதும் முக்கியமான காரணங்கள்.

இப்ப ஒரு கேள்வி. ஒரு பறவை அபூர்வம்னு எப்படிச் சொல்றோம்? சாதாரணப் பறவைகளை யாரோ ஒருத்தர் வருஷக்கணக்கா, சலிக்காம, தேதி போட்டு எண்ணி வச்சிருந்தாத்தான் அதைச் சொல்ல முடியும். நம்ம நாட்டில் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தன் வாழ்நாள் முழுக்க எழுதியவர் ஒருவர் உண்டு. பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. கோயம்புத்தூர் தாண்டி ஆனைகட்டியில் இருக்கும் பறவை ஆராய்ச்சி மையத்தின் பெயரே அவருடையதுதான். அவர் வாழ்க்கையை நான் படிக்க ஆரம்பிச்சது வேற ஒரு காரணத்துக்காக. அரியர் வச்ச ஆள்னு யாரோ சொன்னாங்க.

சலீம் அலி 1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா போனார், மூன்று வயதில் அம்மா போனார். தாய்மாமா அமிருதீன் தியாப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள். மாமாவுக்கு வேட்டையில் ஆர்வம். பையனுக்கும் ஒரு ஏர்கன் கிடைத்தது. அந்த வயசுப் பசங்க கையில் ஏர்கன் கிடைச்சா என்ன செய்வாங்களோ அதையேதான் அவரும் செய்தார். வீட்டைச் சுற்றிச் சிட்டுக்குருவிகளைச் சுட்டார்.

ஒருநாள் விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. வழக்கமான சிட்டு மாதிரி இல்லை. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று பையனுக்குச் சந்தேகம் வந்து மாமாவிடம் கொண்டு போனான். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் உறுப்பினர். ஒரு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து, அங்கே கௌரவச் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற வெள்ளைக்காரரிடம் அனுப்பி வைத்தார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், கையில் செத்த குருவி, எதிரே ஒரு துரை. மில்லார்ட் விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, அலமாரி அலமாரியாகப் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, யார் கொண்டு வந்தது என்ற விவரம் அதில் இருக்கும். இந்தச் சீட்டை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

படிப்பு சரியாக ஓடவில்லை. பதிமூன்று வயதிலிருந்தே தீராத தலைவலி, பள்ளிக்கு அடிக்கடி லீவு. 1913-ல் மெட்ரிகுலேஷனைத் தட்டுத் தடுமாறித் தாண்டினார். கல்லூரியில் முதல் வருடத்தோடு விட்டுவிட்டு பர்மாவுக்குப் போனார். அங்கே தவாய் என்ற ஊரில் குடும்பத்துக்கு மர வியாபாரமும் உல்ஃப்ராம் சுரங்கமும் இருந்தன. உல்ஃப்ராம்னா நம்ம டங்ஸ்டனோட தாது, பீரியாடிக் டேபிள்ல W-ன்னு போட்டிருக்கே அதுதான். முதல் உலகப் போர் நேரம், நல்ல கிராக்கி இருந்த உலோகம். ஆனாலும் பையன் சுரங்கத்தைப் பார்த்ததைவிடக் காட்டைப் பார்த்ததுதான் அதிகம். 1917-ல் திரும்பி வந்தபோது கையில் பணம் இல்லை, டிகிரியும் இல்லை. வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்கச் சேர்ந்தார். சேவியர் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர் இவருடைய உண்மையான ஆர்வம் எதில் என்று பார்த்து விலங்கியல் படிக்கச் சொன்னார். அதையும் சேர்த்துப் படித்தார். 1918-ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியல் பணி ஒன்று காலியானது. இவருக்கு அது கிடைக்கவில்லை, முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்பதுதான் காரணம். கேம்பஸ் இன்டர்வியூவுல கட்-ஆஃப் பார்த்தே வெளிய அனுப்பினா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது, மாதம் 350 ரூபாய். இரண்டே வருடத்தில் அது போதாது என்று தோன்றிவிட்டது. 1928-ல் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குக் கிளம்பினார்.

பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசெமான் என்ற பேராசிரியர் இவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து வேலை கற்றுக்கொடுத்தார். கூடவே வட கடலில் இருக்கும் ஹெலிகோலாந்து தீவுக்கும் போனார். வலசைப் பறவைகள் இளைப்பாற இறங்கும் சின்னத் தீவு. அங்கே பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி, பறக்க விட்டுவிடுவார்கள். வேறு நாட்டில் யார் கையிலாவது கிடைத்தால் வளையத்தில் இருக்கும் முகவரிக்குத் தகவல் வரும். பதப்படுத்திய பறவையின் காலில் கட்டும் அதே சீட்டுதான், இங்கே உயிரோடு பறக்கிறது. நம்ம ஊர்ல இதை விளக்கவே தேவையில்லை. கட்டிங்ல இருந்து போற ஒவ்வொரு பண்டிலுக்கும் ஒரு டிக்கெட் இருக்கும். தையல், செக்கிங், அயர்னிங்னு எங்க போனாலும் எந்த லாட், எப்ப வெட்டினதுன்னு அந்த டிக்கெட்டைப் பார்த்தா தெரிஞ்சிடும். டிக்கெட் விழுந்துட்டா அந்த பண்டிலுக்கு ஊரும் இல்லை பேரும் இல்லை.

1930-ல் ஊர் திரும்பினால் மியூசியத்தில் அவருடைய வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள். நிதி இல்லையாம். முப்பத்து மூன்று வயது, ஜெர்மனியில் கற்ற வித்தை, சம்பளம் பூஜ்யம். செலவைக் குறைக்க அலிபாக் பக்கத்தில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குத் தம்பதி குடிபோனார்கள். மழைக்காலத்தில் அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேறு வேலை இல்லாததால் அவர் அவற்றையே மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டு நிறுத்தும். பெண் குருவிகள் வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால் ஒருத்தி குடியேறுவாள், பிறகுதான் மீதிக் கூடு. அது முடிந்ததும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த துணையைத் தேடும். இத்தனை காலம் நம் கிணற்று மேட்டிலும் தோப்பிலும் எல்லார் கண் முன்னாலும் நடந்ததுதான். அவர் வரிசையாகக் குறித்து வைத்து 1931-ல் கட்டுரையாக வெளியிட்டார், உலகப் பறவையியலாளர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். (சின்ன டெக்னிக்கல் குறிப்பு: தூக்கணாங்குருவி செய்யறது நிட்டிங் இல்லை, வீவிங். அதனால பெருமை ஈரோட்டுக்காரங்களுக்கு.)

அடுத்த இருபது வருடம் சமஸ்தானம் சமஸ்தானமாக அலைச்சல். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று ஒவ்வொன்றிலும் என்னென்ன பறவை இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலை. சம்பளம் கேட்கவில்லை, முகாம் செலவை மட்டும் கொடுங்கள் என்று சொல்லி வாங்கிய வேலை அது. நடுவில் சில மாதங்கள் நம் பக்கத்துக் கோத்தகிரியிலும் தங்கினார். தெஹ்மினா கூடவே கூடாரத்தில் இருந்தார். 1939-ல் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். சலீம் அலிக்கு அப்போது நாற்பத்து இரண்டு வயது. மீதி நாற்பத்தெட்டு வருடம் மறுமணம் இல்லை, அக்கா வீட்டோடு இருந்துவிட்டார். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய படம் போட்ட புத்தகம் வந்தது. இன்றும் புதிய பதிப்புகள் விற்கும் புத்தகம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும். இவர் பறவைகளைச் சுட்டுத்தான் சேகரித்தார். கேமரா எல்லார் கையிலும் இல்லாத காலம். ஒரு அபூர்வப் பறவையைப் பார்த்தேன் என்றால் உடலைக் காட்டு என்பார்கள். அறிவியலுக்கு அது தேவை என்று அவர் கடைசிவரை வாதாடினார், வெட்கப்படவும் இல்லை. எனக்கு அது முழுசா ஏத்துக்க முடியலை. ஆனா இன்னொரு கதையையும் பாருங்க. 1948-ல் தேனி மாவட்டம் மேகமலையில் பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண வகை என்று நினைத்துப் பம்பாய்ச் சங்கத்தின் சேகரிப்பில் போட்டு வைக்கப்பட்டது. இருபது வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. தாய்லாந்து ஆய்வாளர் தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது உலகம் அறியாத வேறு இனம் என்று 1972-ல் அறிவித்தார். வைத்த பெயர் லாட்டிடென்ஸ் சலீம்அலி. காலில் அந்தச் சீட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், மேகமலை என்ற ஊர்ப் பெயரே அந்தக் கதையில் வந்திருக்காது.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்களுக்காக ஒரு பத்தி. இவருக்குப் பறவைக்கு அடுத்தபடி பைத்தியம் பைக்தான். பர்மாவில் முதல் வண்டி என்.எஸ்.யு. அப்புறம் ஹார்லி டேவிட்சன் மட்டும் மூன்று மாடல், டக்ளஸ், ஸ்காட், நியூ ஹட்சன், சன்பீம் என்று பட்டியல் போகும். 1950-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் உலகப் பறவையியல் மாநாடு. ஐம்பத்து மூன்று வயதில் தன் சன்பீமைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் ஐரோப்பா முழுக்க ஓட்டினார். பிரான்சில் ஒரு விபத்து, ஜெர்மனியின் கல் பாவிய ரோட்டில் சில சறுக்கல்கள். மூட்டை முடிச்சோடு மாநாட்டு வாசலில் வந்து இறங்கியபோது, இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று பேச்சு பரவிவிட்டது. பி.எம்.டபிள்யூ வாங்கவில்லையே என்ற வருத்தம் மட்டும் அவருக்குப் போகவே இல்லை.

சரி, கடற்கரைக்கு வருவோம். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. உண்ணி பரப்பும் வைரஸ். ரஷ்யாவில் ஏற்கனவே இருந்த ஒரு நோயோடு அதற்கு ஒற்றுமை இருந்ததால், வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் உண்ணியைக் கொண்டு வருகின்றனவா என்று சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் பணம் தந்தது. ஹெலிகோலாந்தில் பார்த்ததை முப்பது வருடம் மனதில் வைத்திருந்த சலீம் அலிக்கு வழி திறந்தது. பறவைகளைப் பிடிக்கப் பரம்பரை பரம்பரையாக அதே தொழில் செய்த மிர்ஷிகார்களைச் சங்கம் வேலைக்கு வைத்துக்கொண்டது. காலொடியாமல், சிறகு கலையாமல் பிடிக்கத் தெரிந்த கைகள் அவர்களுடையவை. பி.எச்டி-க்காரங்களுக்கு வராத வேலை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குத் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் பொறித்த வளையங்கள் இந்தியா முழுக்கப் பறக்க ஆரம்பித்தன.

1960-களில் அவர் பார்வை கோடியக்கரை மேல் விழுந்தது. இப்ப கோடியக்கரைன்னா எல்லாருக்கும் பூங்குழலியும் படகும்தான் ஞாபகம் வரும். ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு மேப்பைத் திறந்து பாருங்க. கிழக்குக் கடற்கரை நேராகக் கீழே வந்து, திடீரென்று வலது கோணத்தில் மேற்கே திரும்பும் மூலை அது. எதிரே கடலைத் தாண்டினால் இலங்கை. கரையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வரும் பறவைகள் அந்த மூலையில் வந்து குவியும். பின்னால் மைல் கணக்கில் வேதாரண்யம் சதுப்பு, உப்பளம், முழங்கால் ஆழத் தண்ணீர், சேறு முழுக்கப் புழு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தண்ணீரின் உப்பு மாறும், மட்டம் மாறும், அதற்கேற்ப உள்ளான், ஆலா, வாத்து, பூநாரை என்று கூட்டம் மாறும். 1967-ல் அந்தக் காடு சரணாலயம் ஆனது, முதலில் வெளிமானுக்காக. பறவைகளுக்கான பெயரைச் சங்கத்தின் வளையமிடும் முகாம்கள்தான் வாங்கிக் கொடுத்தன. 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தளம் ஆனதும் அதுதான்.

அந்தப் பணத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வளையமிடும் திட்டத்துக்குள் அமெரிக்க ராணுவத்தோடு தொடர்புள்ள ஆய்வு அமைப்பின் நிதியும் வந்திருந்தது. 1970-களில் இது வெளியே வந்ததும் கிருமி யுத்த ஆராய்ச்சியா என்று பத்திரிகைகள் கேட்டன, நாடாளுமன்றம் வரை போனது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் தன் சங்கம் பறவைகளை மட்டுமே பார்த்தது என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பொய் சொல்லியிருப்பார்னு நான் நினைக்கலை. ஆனா ஃபண்டு எங்கிருந்து வருதுன்னு இன்னும் கொஞ்சம் குடைஞ்சு கேட்டிருக்கலாம்.

அதே காலத்தில்தான் அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிக் கையேடு 1968 முதல் 1974 வரை வந்தது. துணைக்கண்டத்தின் எந்தப் பறவை எங்கே, எந்த மாதம், எவ்வளவு என்று ஒரே இடத்தில் இருந்த பெரிய கணக்கு. டிகிரி இல்லாதவருக்கு அலிகார் 1958-லேயே கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. 1976-ல் பத்ம விபூஷண். 50,000 டாலர் கெட்டி பரிசும் கிடைத்தது. பரிசுத் தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதியாகச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். 1985-ல் சுயசரிதை வந்தது. தலைப்பிலும் ஒரு சிட்டுக்குருவிதான் விழுகிறது.

மலைக்காடை என்ற பறவையை மட்டும் அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. 1876-க்குப் பிறகு இமயத்தில் யாருமே உறுதியாகப் பார்க்காத பறவை. தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்பதையும் அவர் எழுதியே வைத்தார். 1987 ஜூன் 20-ல் பம்பாயில் காலமானார், வயது தொண்ணூறு. ஜூன் மாதம் கோடியக்கரைச் சேறு வெறிச்சோடிக் கிடக்கும். கொசு உள்ளான்களும் கரண்டிமூக்குகளும் அப்போது வடதுருவப் பக்கம் முட்டை மேல் உட்கார்ந்திருக்கும்.

நமக்குக் கடல் இல்லை. ஆனால் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கு. நொய்யல் பட்ட பாடெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு அந்தக் குளம் தப்பிச்சதே பெரிய விஷயம். ஊர்ப் பறவை ஆர்வலர்கள் வாராவாரம் போய்க் குறிச்சு வச்ச பட்டியல் இருந்ததால்தான் அங்கே என்ன வருதுன்னு அரசாங்கத்துக்கிட்ட சொல்ல முடிஞ்சது. 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சர் தளம். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நவம்பர்ல வந்துடும். காலைல 6 மணிக்கு முதல் பீரியடுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடலாம்.

கோடியக்கரைக்குப் போறதா இருந்தா மழை விட்ட பிறகு, டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில போங்க. வனத்துறை அனுமதி வாங்கிக்கங்க, செருப்பு வேணாம், சேறு இழுக்கும். மங்கலான போட்டோவை அழிச்சிடாதீங்க. தேதி, நேரம், இடம், எத்தனை இருந்துச்சுன்னு பக்கத்துலயே எழுதிடுங்க. காலில் வளையமோ கலர் பட்டையோ தெரிஞ்சா எண்ணைக் குறிச்சு மும்பையில இருக்கிற அந்தச் சங்கத்துக்கு ஒரு மெயில் போடுங்க. எங்கே, எப்போ மாட்டின வளையம்னு அவங்க பதிவேட்டைப் பார்த்துச் சொல்வாங்க.